காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு போட்ஸ்வானா போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இவ்வளவு: நீங்கள், மனைவி, பத்து வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. மகனின் காலாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள், பத்து நாள். யானை, சிங்கம், ஒகவாங்கோ ஆறு பரந்து விரியும் டெல்டா, முடிந்தால் விக்டோரியா அருவி. "வறண்ட காலம்தான் நல்லது என்கிறார்கள், சரியா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சரிதான், போகலாம். செப்டம்பர் கடைசி விலங்குகளைப் பார்க்க அருமையான நேரம், ஒகவாங்கோ வெள்ளத்தைப் பார்க்கச் சுமாரான நேரம், விக்டோரியா அருவிக்கு அதைவிடச் சுமார். இந்த மூன்றும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனியில் கணக்கர் வேலையில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நானே டிரைவர், நானே சமையல்காரன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அங்கே மழை நவம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் ஓயும். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழையே இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் மழையில் நிரம்பிய குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, விலங்குகளுக்கு வற்றாத ஆறுகளை விட்டால் வேறு வழி இருக்காது. இலையும் உதிர்ந்து போவதால் புதருக்குள் நிற்கும் சிறுத்தை கூடக் கண்ணில் படும். வறண்ட காலத்தைப் புகழ்வதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். வறட்சி முற்ற முற்றக் கூட்டம் பெருகும் என்பதால் ஜூனைவிட ஆகஸ்டும், ஆகஸ்டைவிட செப்டம்பரும் மேல்.

ஒகவாங்கோ மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அதன் தண்ணீர் போட்ஸ்வானாவில் பெய்த மழை அல்ல. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி, நமீபியாவின் ஒடுக்கமான துண்டு நிலத்தைக் கடந்து, மொஹெம்போ என்ற இடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. நிலம் ஏறக்குறையச் சமதளம் என்பதால் தண்ணீர் ஊர்ந்துதான் வரும். டெல்டாவின் கீழ்முனையில் இருக்கும் மவுன் ஊருக்கு அது வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடும். வானம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வெள்ளம் உச்சத்தில் இருப்பதன் காரணம் இதுதான். அந்தத் தண்ணீர் கடலுக்கும் போவதில்லை. பெரும்பகுதி வெயிலிலும் செடிகள் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது, கொஞ்சம் மணலுக்குள் இறங்குகிறது. 2014-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்தப் பட்டியலின் ஆயிரமாவது இடம் இதுவாக இருந்தது.

நீங்கள் போகும் நேரத்தில் வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும். ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும் உள்பகுதிகளில் படகு ஓடும். ஆனால் மவுனுக்குப் பக்கத்துப் போரோ பகுதியில் மொகோரோ போகுமா என்பது அந்த ஆண்டு அங்கோலாவில் பெய்த மழையைப் பொறுத்தது. மொகோரோ என்பது நின்றபடியே நீளக் கழியால் உந்திச் செலுத்தும் ஒல்லியான தோணி. முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். 2019-இல் வெள்ளம் வந்ததாகச் சொல்லவே முடியாத அளவுக்கு வறட்சி. ஆகையால் மொகோரோவுக்கு முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். ஆகஸ்டில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிறுவர்களுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டெல்டாவை மேலிருந்து பார்க்க மவுனிலிருந்து சிறு விமானத்தில் ஒரு சுற்று போகலாம். கட்டணம் விமானத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. நான்கு பேர் என்றால் உங்களுக்குக் கட்டுப்படியாகும். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் மொகோரோவில் கால் நீட்டி உட்கார்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது எங்கே போவது. என்னைக் கேட்டால் இரண்டே இடம்: கசானே, க்வாய். பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் போக, வர மூன்று நாளாவது கரைந்துவிடும். மிச்சம் ஏழு இரவு. அதற்குள் நான்கு இடத்தைத் திணித்தால் விலங்கைவிட விமான ஓடுதளங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

கசானே சோபே ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 2022-இல் ஐந்து நாடுகள் சேர்ந்து வானிலிருந்து எடுத்த கணக்கெடுப்பில் போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,32,000 யானைகள் இருப்பது தெரிந்தது. இந்தியா முழுவதையும் சேர்த்தாலே முப்பதாயிரத்துக்குள்தான். அந்த யானைகளில் பெரும்பங்கு வடக்கில்தான், செப்டம்பரில் அவற்றுக்குச் சோபேதான் கதி. மதியம் மூன்று மணிக்குமேல் கரை நெடுகக் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஜீப்பில் பார்ப்பதைவிடப் படகில் பார்ப்பது இங்கே சிறப்பு. படகு இன்ஜினை அணைத்துவிட்டால் யானை பக்கத்திலேயே நின்று தண்ணீர் குடிக்கும். நடு ஆற்றில் செடுடு என்றொரு புல் தீவு. இது யாருக்கு என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-இல் போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பானது. யானைகள் தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அந்தத் தீவுக்கு நீந்திப் போகும். உங்கள் மகன் ஊர் திரும்பியபின் பேசப்போவது சிங்கத்தைப் பற்றி இருக்காது, இதைப் பற்றித்தான் இருக்கும்.

படகில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். திறந்த ஜீப் அப்படியல்ல. ஏறுபடி உயரம், குலுக்கல் அதிகம், காலை ஐந்தரை ஆறுக்குக் கிளம்ப வேண்டும். கசானேயில் அவருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஜீப், மற்ற நாள் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் சாதாரண ஓட்டல்கள் இருப்பதால் செலவும் கையைக் கடிக்காது. ஆற்றோரப் பகுதியில் வண்டிகள் நெரிசலாக இருக்கும். அதுதான் அங்கே எனக்குப் பிடிக்காத ஒன்று.

அந்த நெரிசலுக்கு மாற்றுதான் க்வாய். மொரெமி காப்பகத்தின் வடக்கு எல்லையில் ஓடும் ஆற்றின் பெயர் அது, ஊர் பெயரும் அதுவே. தேசியப் பூங்காக்களில் பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டக்கூடாது, தடத்தை விட்டு இறங்கவும் கூடாது. க்வாயில் ஊர் மக்களின் அறக்கட்டளை நடத்தும் பகுதியில் இரவுச் சவாரிக்கு அனுமதி உண்டு. சிறுத்தைக்கும் காட்டுநாய்க்கும் பேர்போன இடம். காட்டுநாய்கள் ஜூன் வாக்கில் குட்டி போட்டு வளைக்கருகிலேயே சுற்றும். செப்டம்பர் கடைசியில் குட்டிகளும் கூட்டத்தோடு ஓடத் தொடங்கியிருக்கும் என்பதால் அவற்றைப் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். டெல்டாவின் உள்ளே, விமானத்தில் மட்டும் போகக்கூடிய லாட்ஜ்களில் இந்தப் பருவத்தில் ஆளுக்கு ஓர் இரவு ஆயிரம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குறைந்த கூட்டம், கூடிய விலை என்பது அரசின் கொள்கையே. உப்பு முதல் டீசல் வரை பலதும் வெளியிலிருந்துதான் உள்ளே போயாக வேண்டும் என்பதும் ஒரு காரணம். க்வாயில் கூடாரம் அடித்து, சமையல்காரரோடு வழிகாட்டி அழைத்துப்போகும் நடமாடும் சஃபாரி கிடைக்கும். அந்த விலையில் பாதிகூட ஆகாது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். பருப்பும் அரிசியும் மவுன் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன, சமையல்காரர் அதை வாங்கி ஏற்றிக்கொண்டால் போதும். ஊறுகாய் மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.

முகாம்களுக்கு வேலி கிடையாது. இரவில் கூடாரத்தைச் சுற்றிக் கழுதைப்புலி நடப்பது கேட்கும். வழிகாட்டி சொன்னால் ஒழிய ஜிப்பைத் திறந்து வெளியே வரக்கூடாது. பகலில் தொல்லை பபூன் குரங்குகள். கண்ணெதிரே ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். சிறுவர்களைச் சேர்க்காத லாட்ஜ்களும் உண்டு, பத்து வயது என்று முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாடகை வண்டியில் நீங்களே ஓட்டிப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் ஊர் போல இடப்பக்க ஓட்டம்தான், தார்ச்சாலைகள் நன்றாகவே இருக்கும். ஆனால் மவுனிலிருந்து மொரெமி, சவுட்டி வழியாகக் கசானே போகும் தடம் பெரும்பாலும் மணல். வெயிலில் காய்ந்து பொடியான மணலில் செப்டம்பர் மதியம் வண்டி ஓட்டுவது மழைக்காலச் சேற்றுக்குக் குறைந்த கஷ்டம் அல்ல. டயர் காற்றை இறக்கத் தெரிய வேண்டும், புதைந்தால் தோண்டத் தெம்பு வேண்டும். அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு முதல் பயணத்திலேயே இது வேண்டாம். கசானேயிலிருந்து மவுனுக்குச் சிறு விமானம் பிடியுங்கள், இல்லாவிட்டால் நாடா ஊரைச் சுற்றி வரும் அறுநூறு கிலோமீட்டர் தார்ச்சாலையில் பகலிலேயே வந்துவிடுங்கள். இருட்டினால் கழுதை, மாடு, சில இடங்களில் யானை, மூன்றும் ரோட்டில்தான்.

விக்டோரியா அருவி கசானேயிலிருந்து எண்பது கிலோமீட்டர் போலத்தான், ஒரே நாளில் போய்த் திரும்பலாம். செப்டம்பர் கடைசியில் ஜாம்பியப் பக்கம் பாறைதான் அதிகம் தெரியும். ஜிம்பாப்வே பக்கம் போங்கள், அங்கே அப்போதும் தண்ணீர் விழும். போய்த் திரும்பினால் போட்ஸ்வானாவுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள் என்பதால் பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். அருவி உங்களுக்கு முக்கியம் இல்லையென்றால் அந்த நாளையும் சோபே படகுக்கே கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

கலஹாரியையும் சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மத்திய கலஹாரி காப்பகத்துக்குப் பருவம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, புல் முளைத்து மான்கள் கூடும் காலம். காபரோனிக்கும் வரத் தேவையில்லை. நான் வாழ்ந்த ஊர், பாசம் உண்டு, ஆனாலும் உங்களுடைய ஏழு இரவில் ஒன்றை அதற்குச் செலவழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலையில் திறந்த ஜீப்பில் காலை நேரக் குளிர் ஊட்டியை மறக்கடிக்கும். செப்டம்பர் கடைசியில் நேர் எதிர்: பகல் 35 டிகிரியைத் தாண்டும், அக்டோபரில் 40 வரை போகும். சென்னைக்காரருக்குப் புதிதல்ல, ஆனால் காற்று வறண்டது, வியர்வை தெரியாமலே உடம்பு காயும். அம்மா தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள், வழியில் கழிப்பறை இல்லையே என்று குடிக்காமல் இருந்துவிடுவார். வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் கேட்டால் புதர் மறைவாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார், அங்கே அது சகஜம். புல் எரியும் புகை அந்த மாதங்களில் வானத்தை மங்கலாக்கும், படங்களில் நீலவானம் எதிர்பார்க்காதீர்கள்.

மூட்டை விஷயம்: சிறு விமானங்களில் துணிப்பைதான் ஏற்றுவார்கள், கெட்டிப் பெட்டிக்கு இடமில்லை. எடை வரம்பு ஆளுக்கு 15 அல்லது 20 கிலோ, கைப்பையும் சேர்த்து. ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை பையனுக்கு வாங்கிவிடாதீர்கள், அங்கே பொதுமக்கள் அதை அணியக்கூடாது. அனுமதி இல்லாமல் ட்ரோனும் கூடாது. ஆளுக்கு ஒரு பைனாகுலர் இருக்கட்டும், ஒன்றே இருந்தால் அது மகன் கழுத்தை விட்டு இறங்காது.

வடக்குப் பகுதியில் மலேரியா உண்டு. வறண்ட காலத்தில் குறைவு என்றாலும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் எடுத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். அம்மாவின் வயதுக்கு அந்த ஊசி பற்றி மருத்துவர் யோசிப்பார் என்பதால், எனக்குத் தோன்றுவது துபாய் அல்லது தோகா வழி. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க், பிறகு கசானே. திரும்பும்போது மவுனிலிருந்து ஜோகன்னஸ்பர்க். முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து, ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்யும்படி ஆனால் தென்னாப்பிரிக்க விசாவும் வேண்டிவரும். மகனின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவர் பெயரும் ஆங்கிலத்தில் உள்ளது, கையில் இருக்க வேண்டும்.

உங்கள் தேதிகளில் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பர் 30 போட்ஸ்வானாவின் சுதந்திர தினம், அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளுக்கும் விடுமுறை வரும். அவர்கள் கூட்டம் கூட்டமாக வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஆகவே முதலில் க்வாய் கூடாரம், முடிந்தால் ஓராண்டு முன்பே. அது உறுதியானபின் கசானே, பிறகு விமானம், கடைசியில் விசா. க்வாய் கிடைக்கவே இல்லையென்றால் போடெடி ஆற்றங்கரையைப் பாருங்கள், மவுனிலிருந்து ரோட்டிலேயே போய்விடலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வறண்டு, 2009 வாக்கில்தான் மறுபடி தண்ணீர் கண்ட ஆறு அது. வறண்ட மாதங்களில் மக்காடிக்காடி உப்புவெளியின் வரிக்குதிரைகள் தண்ணீருக்கு அங்கேதான் வரும், க்வாயை விடச் செலவும் குறைவு.