சிவந்து எரியும் முகத்திற்கு என்ன பூசலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 18 ஆண்டுகளாக மருந்தகம் நடத்துகிறேன். முகம் எளிதில் சிவந்து எரிவதாகச் சொல்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் மாநிறம். சிவப்பே தெரியவில்லை, ஆனால் அடுப்படியில் நின்றால் கன்னம் எரிகிறது. ஏன்?

பதில்: நம் நிறத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தெரியும், அம்மா. புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்தைவிடச் சூடாக இருக்கும். இது ரோசேசியா என்னும் தோல் நோயாக இருக்கலாம். அனல், வெயில், காரம், கொதிக்கும் தேநீர் ஆகியவை தூண்டும் இந்நோய் வெள்ளைத் தோலினருக்கு மட்டுமே வருவதன்று. அதை முகப்பரு என்று எண்ணிக் கடுமையான மருந்து பூசிப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கேள்வி: எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நிறுத்துவதிலிருந்து. ஸ்கிரப், டோனர், வாசனைக் கிரீம் எல்லாவற்றையும் 4 வாரம் ஒதுக்கிவையுங்கள். சோப்புக்கட்டி காரத்தன்மை உடையது, தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மை உடையது. ஆகவே வாசனை சேர்க்காத, சோப்பில்லாத கழுவியால் விரல் நுனிகளைக் கொண்டு கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் செரமைடு அல்லது கிளிசரின் உள்ள ஈரப்பதக் கிரீமைப் பூசுங்கள். புதியது எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்திற்குக் கொண்டுபோகவேண்டும்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். சன்ஸ்கிரீன் வியர்வையோடு வழிந்து கண் எரிகிறது.

பதில்: துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாத வகையை வாங்குங்கள், தம்பி. அது பெரும்பாலும் எரியாது. 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும்; அகன்ற தொப்பியும் அவசியம்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு?

பதில்: வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம்.

கேள்வி: இரவுச் சந்தையில் வாங்கிய கிரீமால் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கிறது.

பதில்: அது ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கக்கூடும், சகோதரி. ஸ்டீராய்டு இரத்த நாளங்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். விட்டவுடன் அவை விரிந்து முகம் கொதிக்கும். அதற்குப் பயந்து மீண்டும் பூசப் பூசத் தோல் மெலிந்துகொண்டே போகும். இத்தகைய கிரீம்களில் பாதரசமும் தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டு, தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை எச்சரித்துள்ளது. அந்த முகமையின், என்.ஓ.டி. (NOT) எனத் தொடங்கும் அறிவிப்பு எண் இல்லாத கிரீமைத் தொடவே வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துச்செல்லுங்கள். எப்படி நிறுத்துவது, மெட்ரோனிடசோல் போன்ற மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான்.