அரசு கம்பெனியை விற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இலங்கையில விமானக் கம்பெனிய விக்க எத்தனையோ முயற்சி பண்ணியும் முடியலையே, ஏனுங்க? (அவிநாசி வாசகர்)

முதல் காரணம் கடன். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்காக அரசு உத்தரவாதம் கொடுத்த கடன் பத்திரம் மட்டுமே 17.5 கோடி டாலர். அதைத் தூக்கிக்கொண்டு வா என்றால் யாரும் வரமாட்டார்கள். நம் ஏர் இந்தியாவில் நடந்ததும் இதுதான். 2018இல் 76% பங்கைப் பெருங்கடனோடு சேர்த்து விற்கப் பார்த்தார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. பிறகு 100% பங்கையும் விற்க முன்வந்து, 61,562 கோடி ரூபாய் கடனில் 46,262 கோடியைத் தனி அரசு நிறுவனத்துக்கு மாற்றினார்கள். இப்படித்தான் 2021இல் 18,000 கோடிக்கு விலை படிந்தது. அதிலும் அரசு கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட கடன்.

சின்ன நாட்டால் கடனை இப்படி எளிதில் ஒதுக்கி வைக்க முடியாது, கஜானா தாங்காது. உள்ளூரில் வாங்கும் சக்தி உள்ளவர்களும் நாலைந்து குழுமங்கள்தான். கண்ணபுரம் சந்தையில் ஒரு மாட்டுக்கு ஒரே ஆள் வந்தால், துண்டுக்குள் அவர் பிடிக்கிற விரல்தான் விலை. அதனால் ‘யாருக்கு விற்றார்கள்’ என்பதற்கு முன்னால், ‘கடைசிச் சுற்றில் எத்தனை பேர் நின்றார்கள்’ என்று கேளுங்கள். ஸ்ரீலங்கனை வாங்க 2024இல் சிலர் விண்ணப்பித்தும் ஆட்சி மாறியது. புதிய அரசு விற்பனையையே கைவிட்டது. தேர்தல் நெருங்கும் நேரத்தில் ஏலம் போட்டால், நல்ல ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இலங்கை எஸ்டேட்டுகளைத் தனியாருக்குக் கொடுத்தப்போ நிலத்தையும் வித்துட்டாங்களா? லைன் வீட்டுல இருக்கறவங்க கதி என்னங்க? (வால்பாறை வாசகர்)

நிலத்தை விற்கவில்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்த தோட்டங்களை 1992இல் பிராந்தியக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். நிலம் அரசுடையது, கம்பெனிக்கு 53 ஆண்டுக் குத்தகை. 1995 முதல் கம்பெனிப் பங்குகளில் 51% நிர்வாகம் செய்பவருக்குப் போனது, 10% தொழிலாளருக்கு இலவசமாக. இதோடு திறைசேரி (இலங்கை அரசின் கருவூலம்) ஒரே ஒரு ‘தங்கப் பங்கு’ வைத்துக்கொண்டது. அந்த ஒற்றைப் பங்குக்காரர் சம்மதம் இல்லாமல் நிலத்தை உள்குத்தகைக்கு விட முடியாது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு.

எழுத்தில் இது நல்ல ஏற்பாடு. கோளாறு எங்கே என்றால், குத்தகை முடிய ஆண்டு குறையக் குறைய மறுநடவுக்குப் பணம் போட யாருக்கும் மனம் வராது. தேயிலைச் செடி முழுப் பலன் தரப் பல ஆண்டு ஆகும். 2045இல் திருப்பிக் கொடுக்க வேண்டிய மண்ணில் எவர் நடுவார்? பழைய செடியிலேயே பறித்து ஓட்டுவார்கள், மகசூல் இறங்கும், கூலிப் பேச்சில் அது எதிரொலிக்கும். லயமும் (தொழிலாளர் வசிக்கும் லைன் வீடு) குத்தகை நிலத்துக்குள்ளேயே இருப்பதால், வேலையை விட்டால் வீடும் போய்விடுமோ என்ற பயம் தலைமுறையாகத் தொடர்கிறது. எங்கள் கருத்தில், வீட்டுமனையைத் தனியாக அளந்து குடும்பத்தின் பெயரில் பத்திரம் போட்ட பிறகே தோட்டத்தைக் கைமாற்றியிருக்க வேண்டும். வால்பாறையிலும் இப்படி ஒரு பேச்சு எப்போதாவது எழுந்தால், முதல் கோரிக்கை அதுவாகவே இருக்கட்டும்.

வித்ததைத் திருப்பி வாங்கின நாடு உண்டுங்களா? (ஈரோடு வாசகர்)

நிறைய உண்டு. நியூசிலாந்து தன் ரயில்வேயை 1993இல் சுமார் 32.8 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றது. தண்டவாளப் பராமரிப்பு தள்ளிக்கொண்டே போனதால், 2004இல் தண்டவாளத்தை மட்டும் 1 டாலருக்குத் திருப்பி எடுத்தது. 2008இல் ரயிலையும் கப்பல் சேவையையும் சேர்த்து 69 கோடி கொடுத்து வாங்கியது. ‘ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் தண்டவாளம் மாற்ற வேண்டும், தவறினால் இவ்வளவு அபராதம்’ என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் இதுதான் நடக்கும். எஸ்தோனியாவில் மக்கள்தொகை நம் கோவை மாவட்டத்தில் பாதிகூட இல்லை. அவர்களும் 2001இல் விற்ற ரயில்வேயை 2007இல் மீட்டார்கள்.

இலங்கையில் நீதிமன்றமே மீட்டது. 2003இல் 90% பங்கு விற்ற அரசு காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் (இன்சூரன்ஸ் நிறுவனம்) விற்பனை செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பில் ஒழுங்கு தவறினால், வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை.

மக்கள் ஓட்டுப் போட்டு விற்பனையைத் தடுக்க முடியுங்களா? (திருப்பூர் வாசகர்)

வாக்கெடுப்பு முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்று சட்டம் இருந்தால் முடியும். நியூசிலாந்தில் மின் நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களின் பங்கை விற்பதை 2013 வாக்கெடுப்பில் 67% பேர் எதிர்த்தார்கள். அது அரசைக் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு என்பதால் 2014இல் இன்னொரு மின் நிறுவனத்தின் பங்கும் விற்பனையானது. ஆனால் 51% அரசிடமே இருக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருந்தது. அது காப்பாற்றியது.

சேலம் உருக்காலைய விக்கறதும் ஏர் இந்தியாவ வித்ததும் ஒண்ணுதானுங்களா? (ஓமலூர் வாசகர்)

இல்லை. ஏர் இந்தியா தனிக் கம்பெனி. பங்கு கைமாறும், கம்பெனி அப்படியே இருக்கும், ஊழியரின் முதலாளி சட்டப்படி மாறுவதில்லை. சேலம் உருக்காலையோ செயில் (SAIL) என்ற மத்திய அரசு எஃகு நிறுவனத்தின் ஒரு பிரிவு. 2019இல் அதற்கு விருப்ப மனு கேட்டபோது பேசப்பட்டது ஆலையைக் கைமாற்றுவது பற்றித்தான். அப்படிக் கைமாறும்போது முதலாளியே மாறுகிறார். தொழிற்சங்கம் மூன்றை எழுத்தில் வாங்க வேண்டும்: பணித்தொடர்ச்சி முறியாது, சம்பள நிபந்தனை குறையாது, பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்துப் புதிய முதலாளியே இழப்பீடு தருவார். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் பழைய முதலாளியிடம் இழப்பீடு கேட்க உரிமை வருகிறது. ஆலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் தங்கள் கையகப்படுத்தல் ஆவண நகலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.