வாசகர் கேள்வி–பதில்: ‘உங்களுக்கு எது சௌகரியமோ அது’

கேள்வி: மார்த்தாண்டத்தை அடுத்த கிராமத்தில் 79 வயதான என் அம்மா தனியாக வசிக்கிறார். நான் மஸ்கட்டில் இருக்கிறேன். தங்கை சென்னையில் இருக்கிறாள். சென்ற மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, தங்கை வீடு, முதியோர் இல்லம், வீட்டோடு தங்கும் ஹோம் நர்ஸ் என்று மூன்று வழிகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டோம். “உங்களுக்கு எது சௌகரியமோ அது” என்கிறார். இனி நாங்களே முடிவு செய்துகொள்ளலாமா?
– வாசகர், மஸ்கட்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விருந்துக்குப் போன வீட்டில் “சாயாவா, காப்பியா” என்று கேட்டால், “எதானாலும் சரி” என்று சொல்வோம் அல்லவா? உங்கள் அம்மாவின் பதிலும் அந்த வகையைச் சேர்ந்த உபசாரம்தான். கடல் கடந்து உழைக்கும் மகனுக்குத் தன்னால் ஒரு தொந்தரவும் வரக் கூடாது என்று நினைக்கிற தாய், தொலைபேசியில் மூன்று பெயர்களை அடுக்கிக் கேட்டால் வேறு எதையும் சொல்லமாட்டார்.

கேள்வியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, அடுத்த விடுமுறையில் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். அதிகாலைக் கட்டன்சாயாவை அவரே போட்டுக் குடிக்க வேண்டுமா, யாராவது கொண்டுவந்து தந்தால் போதுமா? மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டுமா? பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கும் போக வேண்டுமா? கடைசிக் கேள்வியை நான் வேடிக்கைக்காக எழுதவில்லை. வயதானவர்கள் பலர் முதியோர் இல்லத்தை மறுப்பதற்கு அறையோ சாப்பாடோ காரணமாக இருப்பதில்லை; ஊரின் நல்லது கெட்டதிலிருந்து தங்கள் பெயர் விடுபட்டுவிடும் என்ற அச்சமே காரணம். சென்னையில் ஏழாவது மாடி வீட்டுக்குப் போனாலும் அதே நிலைதான் வரும். போதாக்குறைக்கு, விளவங்கோடு பகுதியில் அவருடைய வயதினர், 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைவதற்கு முன்பே பள்ளிக்குப் போகத் தொடங்கியவர்கள். மலையாளம் கலந்த அவர்களுடைய பேச்சைச் சென்னையில் பக்கத்து வீட்டாரே இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொள்வார்கள். பேசுவதற்கு ஆள் இல்லாத பாதுகாப்பை அவர் எவ்வளவு காலம் தாங்குவார் என்பதைத் தங்கையும் யோசிக்க வேண்டும்.

குளிக்க வைப்பது யார் என்பதையும் தனியாகக் கேளுங்கள். மகளோ மருமகளோ செய்வதைத்தான் பெரியவர்கள் விரும்புவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த என் பெரியம்மை, மருமகள் சோப்பை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சம்பளத்துக்கு ஒரு பெண் வந்த மறுநாளே கிணற்றடியில் பலகை போடச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, “அந்தத் தோளுல இன்னும் கொஞ்சம் தேயி மக்களே” என்று அதிகாரம் செய்தார். மாதக் கடைசியில் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சம்பளத்தை எண்ணி எடுத்து அவரே கொடுப்பார். பணம் மகனுடையதுதான், ஆனால் அந்தப் பெண் தன்னுடைய ஆள் என்ற எண்ணம் அதனால் அவருக்கு வந்தது. மருமகளிடம் பட்ட கூச்சம் சம்பளத்துக்கு வந்த பெண்ணிடம் இல்லை. ஆகவே ஹோம் நர்ஸ் வைப்பதென்று முடிவானால், மஸ்கட்டிலிருந்து நேராக ஏஜென்சியின் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஏஜென்சிக்குரிய கட்டணத்தை நீங்கள் கட்டினாலும், அந்தப் பெண்ணுக்குரிய தொகையில் ஒரு பகுதியாவது அம்மாவின் கையால் போகட்டும்.

ஹோம் நர்ஸ் என்று அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் அல்லர். குளிக்க வைப்பதும் மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் அவர்களால் முடியும். ஊசி போடுவதையும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதையும் அவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார் என்பதை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். யாரை வைத்தாலும் சரி, குளியலறையில் கைப்பிடி பொருத்துவதையும் வழுக்காத தரை போடுவதையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்; அதற்கு அம்மாவின் விருப்பத்தைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது 74. மனைவி காலமான பிறகு, நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள கட்டண முதியோர் இல்லம் ஒன்றில் சேர விரும்புகிறேன். “ஊர் என்ன சொல்லும்?” என்று மகன் எதிர்க்கிறான். போவதானால் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிவிட்டுப் போகச் சொல்கிறான்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: “பெற்றவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான்” என்பதுதான் உங்கள் மகன் அஞ்சும் சொல். தாமே விரும்பி நடந்து போகிறவருக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பதை உறவினர் நாலு பேர் கூடியிருக்கும்போது நீங்களே சொல்லிவிட்டால், அவருடைய பாரம் பாதியாகக் குறையும். ஓய்வூதியம் பெறுபவர், படிப்பிலும் பேச்சிலும் நாட்டம் உள்ளவர், தம் வயதை ஒத்தவர்களோடு இருக்க விரும்புவது இயல்பானதே. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

சேர்வதற்கு முன் பதினைந்து நாள் விருந்தினராகத் தங்கிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வைப்புத் தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இரவில் நெஞ்சுவலி வந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார்கள் என்பவற்றையும் விசாரியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, படுக்கையில் விழுந்த பிறகும் வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். நடமாட்டம் உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, எழ முடியாத நிலை வந்ததும் மகனைக் கூப்பிட்டு அழைத்துப் போகச் சொல்லும் இல்லங்கள் உண்டு. பதில் வாய்மொழியாக மட்டும் இருந்தால், அதைப் பதிலாகக் கொள்ளாதீர்கள்.

வீட்டை இப்போது எழுதிக் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். இல்லம் ஒத்துவராவிட்டால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். மகனுக்குத்தான் சேர வேண்டும் என்று நினைத்தால் உயில் எழுதுங்கள். மனம் மாறினால் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகனுக்கு மாற்றித் தரும் தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால், நினைத்தபோது நீங்களாக ரத்து செய்ய முடியாது. அதைத்தான் எழுதுவதென்றால், ஆயுள்காலம் முழுவதும் வீட்டை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அப்படி ஒரு நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் கூறியது. இரண்டாவது தீர்ப்பை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் ஆகிய வருவாய்க் கோட்டங்களின் கோட்டாட்சியர்களே அந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிக்கிறார்கள். அங்கே போக நேரும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகனும் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. ஊருக்குப் பயந்தவராகத்தான் தெரிகிறார்.

கேள்வி: முதியவர்களின் விருப்பத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மறதி நோய் உள்ள என் மாமியார், நான் ஊட்டினால்தான் சாப்பிடுவார். ஆறு வருடமாக என் தாய்வீட்டில் ஓர் இரவு கூடத் தங்கியதில்லை. என் விருப்பத்தை யார் கேட்பார்கள்?
– வாசகி, குளச்சல்

பதில்: நியாயமான கோபம். மறதி நோய் உள்ளவர் ஒரே முகத்தைப் பற்றிக்கொள்வது நோயின் இயல்பு. அதை மாமியாரின் விருப்பம் என்று பெயரிட்டு மற்றவர்கள் விலகிக்கொண்டது வீட்டாரின் வசதி. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோயாதரவுச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. முதியோர் உதவி எண்ணான 14567-ஐ அழைத்தும் வழி கேட்கலாம். ஆனால் உங்களுக்கு உடனே வேண்டியது ஓய்வு. ஒரு வாரம் உங்கள் கணவரையோ நாத்தனாரையோ அருகில் உட்கார வைத்து, அதே தட்டில், அதே நேரத்தில், நீங்கள் பாதியும் அவர்கள் பாதியுமாக ஊட்டிப் பழக்குங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை தாய்வீட்டுக்குப் புறப்படுங்கள். அன்று இரவு மாமியார் ஒழுங்காகச் சாப்பிடாமல் இருக்கலாம், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம், வீட்டிலிருந்து தொலைபேசியும் வரும். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு முன்னால் திரும்பாதீர்கள்.