பாதி வரிசையில் கீழே வைக்கக்கூடிய பின்னல்

“இரண்டு சிறு பிள்ளைகள், முழுநேர வேலை, அடுத்த மாதம் வீடு வேறு மாறுகிறோம். இதற்கிடையில் வீட்டாருக்குக் கையால் ஸ்வெட்டர் பின்ன ஆசை. நேரத்தை எங்கிருந்து எடுப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கிருந்தும் எடுக்க முடியாது. மகள் பிறந்த ஆண்டில் என் மாமியாரிடம் பின்னக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு இப்போது 13 வயது. இத்தனை ஆண்டுகளில் பின்னுவதற்கென்றே ஒரு முழு மணி நேரம் எனக்கு வாய்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் உடைந்த நேரம்தான்: அடுப்பில் ஏதோ கொதிக்கும் பத்து நிமிடம், மகன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும் பதினைந்து நிமிடம்.

(ஆம், நான் ஆண். வியப்பவர்களுக்காக ஒன்று: பிரான்ஸின் லாண்டு பகுதி மேய்ப்பர்கள் சதுப்பு நிலத்தில் பொய்க்கால் கட்டி நின்று ஆடுகளைக் கண்காணித்தபடியே பின்னினார்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளின் பெண்கள் முதுகுக் கூடையில் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைச் சுமந்து நடந்துகொண்டே பின்னினார்கள். இவர்கள் யாரும் பின்னுவதற்கென்று நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர்.)

முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். நடுத்தரப் பருமனுள்ள நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை என்று வைத்துக்கொள்வோம். 100 செ.மீ. சுற்றளவும் 60 செ.மீ. நீளமும் உள்ள பெரியவர் ஸ்வெட்டரில் உடல் பகுதிக்கே 220 கண்ணி, 180 வரிசை. கைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 57,000 கண்ணிகள். என் வேகம் நிமிடத்துக்கு 30. ஆக 32 மணி நேரம். நாளுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். இரண்டு வயதுக் குழந்தையின் ஸ்வெட்டர் சுமார் 20,000 கண்ணி. ஒரு மாதத்தில் முடியும். பயப்பட வேண்டிய கணக்கு இல்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் ஒரே துண்டாக வராது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

என் முதல் ஸ்வெட்டரில் நான் செய்த தவறு அதுதான். கயிறு முறுக்கியது போன்ற கேபிள் வடிவம்; 24 வரிசைக்கு ஒருமுறை திரும்ப வரும், கட்டம் கட்டமாக வரைந்த மாதிரிப்படம்; ஒவ்வொரு வரிசையிலும் எங்கே நிட் (நேர்க் கண்ணி), எங்கே பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று தாளைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். குழந்தை அழுதாள் என்று எழுந்து போய்த் திரும்பி வந்தால் எந்த வரிசையில் விட்டேன் என்று தெரியாது. ஆறு வரிசை போட்டு நான்கு வரிசை பிரித்தேன். ஏழு மாதம் ஆயிற்று. முடித்து மாட்டியபோது தலையே நுழையவில்லை. மாமியார் சிரிக்காமல் சொன்னார்: “மாப்பிள்ளை, பிள்ளை இன்று இருக்கும் அளவுக்குப் பின்னாதீர்கள். நீங்கள் முடிக்கிற அன்று எவ்வளவு இருப்பாளோ, அந்த அளவுக்குப் பின்னுங்கள்.” அன்றிலிருந்து என் வேகத்தை நேர்மையாகக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஓர் ஆண்டு கூட்டித்தான் பிள்ளைகளுக்கு அளவெடுக்கிறேன்.

இனி வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். பின்னுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு பொய் உண்டு: “இந்த வரிசை முடிந்ததும் வருகிறேன்.” 220 கண்ணி உள்ள வரிசைக்கு என் வேகத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏழு நிமிடத்தில் பால் பொங்கி வழிந்துவிடும், குழந்தை அழுது ஓய்ந்துவிடும், கூப்பிட்டவர் தானே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு அன்று முழுவதும் பேசாமல் இருப்பார். பல மாதம் இது நடந்தது. ஒருநாள் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. நிமிடத்தை மட்டும் சொன்னாள். 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். அவர் விரும்பிய பெண் அவரைக் கவனிக்காமல் பின்னலிலேயே கண்ணாக இருந்ததால் வந்த எரிச்சலில்தான் அதைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, என் மனைவி அதை முழுமையாக நம்புகிறாள்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரே விதி: கூப்பிட்டால் பாதி வரிசையில் கீழே வைக்க வேண்டும். அந்த விதிக்கு ஏற்றபடி என் பின்னல் மாறியது. இரண்டு தனி ஊசிகளைக் கைவிட்டு, நடுவில் வளையும் கம்பியால் இணைந்த வட்ட ஊசிக்கு வந்தேன். அவசரத்தில் வைத்தாலும் கண்ணிகளைக் கம்பிப் பக்கம் தள்ளிவிட்டால் நழுவாது. ஓர் ஊசி மட்டும் சோபாவுக்கு அடியில் உருண்டு காணாமல் போகாது. உடலைக் குழாயாகச் சுற்றிச் சுற்றிப் பின்னினால் எல்லாமே நிட் கண்ணிதான். பர்ல் போடத் திரும்பவே வேண்டாம். பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கண்ணியில் மாட்டிவைக்கிறேன். சிக்கலான இடம் வருவதற்கு முன், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஒரு மெல்லிய பருத்தி நூலைக் கோத்துவிடுகிறேன். பிறகு ஏதாவது சொதப்பினாலும் அந்த நூல் வரைதான் பிரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எண்ணுவதை விட்டுப் பின்னலைப் படிக்கக் கற்றுக்கொள்வது. நிட் கண்ணி உங்களைப் பார்த்து ஆங்கில ‘வி’ எழுத்துபோல் இருக்கும். பர்ல் கண்ணி சிறு மேடாக இருக்கும். எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டுத் திருப்பித் திருப்பிப் பின்னினால் வரும் வரப்புகளில் ஒவ்வொரு வரப்பும் இரண்டு வரிசை. இது கண்ணில் பதிந்துவிட்டால் தாள் தேவையில்லை. எங்கே விட்டோம் என்பதைத் துணியே சொல்லிவிடும். எனக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. மாமியார் முதல் நாளிலேயே சொன்னார்தான். எண்ணிக்கைதான் அறிவாளித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவுகளையும் தலையிலேயே வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) பரப்பிய சதவீத முறை அது. உடலின் கண்ணி எண்ணிக்கையை 100 என்று கொண்டால் மணிக்கட்டில் 20, மேல் கையில் 33, கழுத்தில் 40. உடலுக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டுக்கு 40, மேல் கைக்கு 66, கழுத்துக்கு 80. இது போதும். தாளைப் பிள்ளைகள் கிழித்தாலும் கவலையில்லை.

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான்: 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் 100 செ.மீ. ஸ்வெட்டர் 110 ஆகிவிடும். ஆனால் மாதிரித் துண்டு ஒன்றைச் சொல்லாது. உங்கள் கை ஒவ்வொரு நாளும் ஒரே கை அல்ல. மகன் பிறப்பதற்கு முன் மனைவி சில வாரம் மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டியிருந்தது. அவளுக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் இரண்டாவது கையை அங்கே நாற்காலியில் உட்கார்ந்துதான் முடித்தேன். 10 செ.மீ.க்கு 24 கண்ணி, அவ்வளவு இறுக்கம். 66 கண்ணியில் 30 செ.மீ. வர வேண்டிய மேல் கை 27.5தான் வந்தது. பிரித்துத் திரும்பப் போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். இன்றும் அதை மாட்டும்போது இடது கையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

பிள்ளைகளுக்கென்றால் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுங்கள். பின்னல் முடித்த ஓரத்திலிருந்துதான் சுலபமாகப் பிரியும். ஆரம்பித்த ஓரத்திலிருந்து பிரிக்க முயன்றால் சிக்கிக்கொள்ளும். மேலிருந்து கீழே பின்னினால் முடித்த ஓரம் மணிக்கட்டிலும் இடுப்பிலும் வரும். சிறு வயதில் மார்புச் சுற்றளவைவிடக் கையின் நீளம்தான் வேகமாகக் கூடும். அடுத்த ஆண்டு மணிக்கட்டுப் பட்டியை மட்டும் பிரித்து ஐந்து செ.மீ. கூட்டிவிடலாம். அதே நூல் இல்லையென்றால் வேறு நிறம். என் மகனின் பச்சை ஸ்வெட்டரின் கைகளில் மூன்று நிறம் இருக்கிறது. அவன் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மகள் விஷயம் வேறு. போன ஆண்டு, “அப்பா, இனி எனக்குப் பின்ன வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். வலித்தது, மறுக்கவில்லை. அவளது கடைசி ஸ்வெட்டரை அவளே பிரித்துக் கொடுத்தாள். ஒரு மாலை முழுவதும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நூலைச் சிட்டமாகச் சுற்றினோம். பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழிந்து, அடியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். அது இப்போது மகனின் முதுகில் இருக்கிறது.

வீடு மாறுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூல் உருண்டையின் தாள்பட்டையில் சாய எண், அதாவது எந்தத் தொகுதியில் சாயமிட்டது என்பதற்கான எண், இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு சாய எண் உள்ள நூல் கலக்க நேர்ந்தால் இரண்டு உருண்டைகளிலிருந்தும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டால் நிறக்கோடு தெரியாது. கம்பளியைக் கழுவாமல் பெட்டியில் வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு வியர்வைக் கறை படிந்த கம்பளி விருந்து.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை பெரும்பாலும் அசையாது. அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் பின்னியிருந்தேன், தலைவழியாக மாட்டுவது. அதை மாட்ட அம்மாவும் நானும் சேர்ந்து போராடினோம். பாதியில் துணிக்குள் முகம் சிக்கி அவர் மூச்சுத் திணறியபோது விட்டுவிட்டோம். புதிதாக ஒன்று பின்ன மூன்று மாதம் ஆகும். அதனால் இருந்ததை வெட்டினேன்.

கையால் பின்னியதைக் கத்தரிக்கோலால் வெட்டுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கண்ணி மேலிருந்து கீழாகத்தான் ஏணிபோல் ஓடும். பக்கவாட்டில் எளிதில் அவிழாது. முன்பக்கத்தின் நட்டநடுவே ஒரு கண்ணி வரிசையைச் சிவப்பு நூலால் மேலிருந்து கீழ்வரை அடையாளம் செய்தேன். அதன் இரு பக்கமும் தையல் இயந்திரத்தில் நெருக்கமான தையலாக இரண்டிரண்டு ஓட்டு ஓட்டினேன். பிறகு நடுவே வெட்டினேன். அது சாதாரணக் கம்பளி; இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கும் கம்பளியில் அந்தச் செதில்களை மழுங்கடித்திருப்பார்கள். அதில் இதைச் செய்யத் துணியாதீர்கள். (பிள்ளைகளுக்கு அதையே வாங்குங்கள். சாதாரணக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை வெந்நீரில் இயந்திரத்தில் போட்டுப் பொம்மைச் சட்டையாக்கிய பெருமை எனக்கு உண்டு.)

வெட்டிய ஓரங்களில் புதிதாகக் கண்ணி எடுத்து மூன்று செ.மீ. பட்டி பின்னினேன். ஒரு கையால் பொத்தான் போட முடியாது, ஜிப்பின் அடியைக் கோக்கவும் முடியாது. ஒட்டும் பட்டையை (வெல்க்ரோ) முயன்றேன். அதன் கொக்கிகள் கம்பளியைப் பிய்த்தன. கடைசியில் பட்டிக்குள் சிறு காந்தப் பொத்தான்களை வைத்துத் தைத்தேன். (இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு இது கூடாது.) மேலே அழகுக்குப் பழைய பொத்தான்கள். மாட்டும்போது முதலில் இயங்காத கை, கழற்றும்போது முதலில் இயங்கும் கை. இதைச் சிகிச்சையாளர் சொல்லித்தந்தார்.

முதல் நாள் அப்பா வலது கையால் பட்டியை அழுத்தினார், ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. திறந்தார், மறுபடி ஒட்டினார். பத்து முறையாவது செய்திருப்பார். “இந்தப் பொத்தான் எல்லாம் பொய்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “யாரிடமும் சொல்லாதே” என்றார்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். அடுத்த மாதம் வீடு மாறும்வரை ஸ்வெட்டரைத் தொடாதீர்கள். 40 செ.மீ. வட்ட ஊசியில் 96 கண்ணி போட்டு, மூத்த பிள்ளைக்குச் சுற்றிச் சுற்றி ஒரு தொப்பி பின்னுங்கள். உச்சியில் கண்ணி குறையும்போது மட்டும் குட்டையான இருமுனை ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பெட்டி கட்டும் இடைவெளியில் முடியும், கைப்பையில் அடங்கும். முடித்ததும் நனைத்து உலர்த்தி, நடுப்பகுதியில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் மாதிரித் துண்டு அதுதான். அந்த எண்ணையும் பிள்ளைகளின் மார்புச் சுற்றளவையும் கீழே எழுதுங்கள். மிச்சக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், உடனே இல்லாவிட்டாலும் எப்படியும் அந்த வாரத்துக்குள்.