ஆஸ்டா நீல்சன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னீர்கள் என்று டென்மார்க் மௌனப்பட நடிகை ஆஸ்டா நீல்சனின் முதல் படத்தைத் தேடிப் பார்த்தேன். 1910இல் அப்படியொரு நடனமா என்று ஆச்சரியம்தான். ஆனால் மௌனப்பட நடிப்பென்றால் கையை வீசுவதும் கண்ணை உருட்டுவதும்தானே? இவரை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? பேசும்படம் வந்ததும் காணாமல் போனவர்தானே?

ம.

அன்புள்ள ம.,

அந்த நடனத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சர்க்கஸ்காரனைக் கயிற்றால் கட்டிவிட்டு, கறுப்பு உடையில் அவனை உரசியபடி சுற்றிச் சுற்றி ஆடுவார். தணிக்கைக்காரர்கள் கத்தரிக்கோலை எடுத்த காட்சி அது. சரி, நீங்கள் கடைசிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். காதலனைக் குத்திக் கொன்றவளைப் போலீஸ் படியில் இறக்கிக் கூட்டிப் போகிறது. படியிறங்கும்போது கதறலும் இல்லை, நெஞ்சில் அடித்துக்கொள்வதும் இல்லை. நடக்கிற உடம்பில் உயிர் மட்டும் எங்கோ போய்விட்ட மாதிரி இருக்கும். கையை வீசாத நடிப்பு அதுதான், அதுவும் 1910இல்.

கோபன்ஹேகன் நாடக மேடைகளில் நல்ல வேடம் கிடைக்காமல் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர் அவர். மேடைக்காரர்களின் கண்ணில் படவேண்டும் என்றுதான் உர்பான் காட் இயக்க, சுமார் எட்டே நாளில் அந்தப் படத்தை எடுத்தார்கள். நடந்தது வேறு. அடுத்த ஆண்டே ஜெர்மனி அழைத்துக்கொண்டது, நடித்த எழுபதுக்கு மேற்பட்ட படங்களில் டென்மார்க்கில் எடுத்தவை நான்குதான். அப்புறம் சொந்தக் கம்பெனி தொடங்கி 1921இல் ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன் ஹாம்லெட்டாக நடித்தார், அதுவும் ஆணாக வளர்க்கப்பட்ட பெண்ணாக! நண்பன் ஹொரேஷியோ மேல் உள்ள காதலை வெளியே சொல்ல வழியில்லாத ஹாம்லெட். அந்தத் தவிப்பு முழுக்கக் கண்ணிலேயே இருக்கும்.

காணாமல் போனார் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடையில் பேசிப் பழகியவருக்குக் குரல் ஒரு பிரச்சினையே இல்லை. 1920களின் பின்பாதியிலேயே சினிமாவை விட்டு மேடைக்குத் திரும்பிவிட்டார், பேசும்படம் என்று 1932இல் ஒன்றே ஒன்று செய்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் அவரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். மறுத்துவிட்டு ஊர் திரும்பினார். அங்கே டென்மார்க் சினிமா அவருக்கு ஒரு வேடம்கூடக் கொடுக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவரோ சும்மா இருக்கவில்லை. சுயசரிதை எழுதினார், துணித்துண்டுகளை ஒட்டிப் படங்கள் செய்தார், 1968இல் தன்னைப் பற்றிய ஆவணப்படத்தைத் தானே இயக்கினார், 88 வயதில் கல்யாணமும் செய்துகொண்டார். 1972இல்தான் இறந்தார்.

அடுத்து ஹாம்லெட்டைப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சண்டை போடவாவது எழுதுங்கள்.