பஸ்ஸில் வாந்தி வருமா? மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 54 வயது. பித்தப்பைக் கல்லுக்காக மதுரையில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும்) ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முன்பு கர்ப்பப்பை எடுத்தபோது ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துத் துவண்டுபோனார். அதை நினைத்து, இப்போது ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினாலே அவருக்கு வாந்திதான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வாந்தியைத் தடுக்க வழி உண்டா?”

உண்டு. அம்மாவின் பயமும் நியாயமானதுதான். வயிற்றில் போட்ட தையலோடு ஓங்கரித்து வாந்தி எடுப்பது பெரிய வேதனை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது என்று சொல்லும் நோயாளிகள் நிறையப் பேர்.

ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு வாந்தி வரும் என்பதை ஓரளவு முன்பே கணிக்கலாம். பெண்ணாக இருப்பது, புகைப்பழக்கம் இல்லாதது, முன்பு ஆபரேஷனுக்குப் பிறகோ பஸ் பயணத்திலோ வாந்தி எடுத்திருப்பது, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் போன்ற வீரியமான வலி மருந்து தேவைப்படுவது என்று நான்கு விஷயங்களைப் பார்ப்போம். நான்கும் இருந்து, தடுப்பு மருந்தும் கொடுக்காவிட்டால் பத்தில் எட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். உங்கள் அம்மாவுக்கு முதல் மூன்றும் இருக்கின்றன. அதோடு, பித்தப்பை ஆபரேஷனுக்கே வாந்தி அதிகம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் மயக்க மருந்து டாக்டரிடம் இதையெல்லாம் சொல்வது. பிரஷர், சர்க்கரை, அலர்ஜி பற்றிக் கேட்பார்கள், பதில் சொல்வீர்கள். பஸ் வாந்தியை யாரும் சொல்வதில்லை, அதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிடுவார்கள். மயக்க மருந்து டாக்டர்களான எங்களுக்கு அது ஈசிஜி அளவுக்கு முக்கியம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

இது தெரிந்தால் மருந்துத் திட்டத்தையே மாற்றலாம். வாந்தியைத் தடுக்க, மயக்கம் கொடுத்தவுடன் டெக்ஸாமெத்தசோன் 4 முதல் 8 மில்லிகிராம், ஆபரேஷன் முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம், இரண்டும் ஊசியாகப் போடுவது வழக்கம். ஒவ்வொன்றும் ஆபத்தை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கும். அம்மா மாதிரி ஆட்களுக்கு ஒரு மருந்து போதாது, வெவ்வேறு வகையில் இரண்டு மூன்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். சுவாசம் வழியே கொடுக்கும் மயக்க வாயுவே குமட்டலுக்கு ஒரு காரணம் என்பதால், அதைத் தவிர்த்து முழுக்கவும் புரோபோஃபால் ஊசி மருந்திலேயே மயக்கத்தில் வைத்திருக்கலாம். துளை போட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசியும் பாராசிட்டமாலும் கொடுத்தால் மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறையும். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அதனால் அதைக் கொடுப்பதா, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வார். கொடுத்தால் மறுநாள் வரை சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் பட்டினி. முந்தைய ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போடுவது இன்னும் நடக்கிறது. நாவறண்டு போவதும் குமட்டலைக் கூட்டும். பொதுவாக இட்லி போன்ற உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், பரோட்டா, கறி என்றால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கும் பால் சேர்க்காத வரக்காப்பிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி போதும். ஆனால் உங்கள் ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுக்கும் நேரத்தை மீறாதீர்கள். அன்று காலை சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் கூட இருப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். கண் விழித்தவுடன் சட்டென்று தூக்கி உட்கார வைக்காதீர்கள். குடிக்கக் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகு, ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் கொடுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பாசத்தோடு பருத்திப்பாலும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவருவார்கள். அன்றைக்கு அதை நீங்களே குடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிப்பதும் வேண்டாம், அந்த வாசனை போதும்.

நம் ஊர்ப் பெண்கள் சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, “லேசா ஒமட்டுது, பரவாயில்லை” என்று சுருண்டு படுத்திருப்பார்கள். பரவாயில்லை என்று விடாதீர்கள். ஒமட்டும்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். தடுப்பு ஊசி போட்டு ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், அதே மருந்தைத் திரும்பப் போடுவதில் பெரிய பலன் இல்லை. வேறு வகை மருந்து வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள்.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உள்பக்கத்தில் இரண்டு நரம்புகள் போலத் துருத்தும் தசைநார்களுக்கு நடுவே அழுத்திக்கொடுப்பதில் ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கெடுதல் இல்லை, செய்யலாம். ஊசிக்குப் பதிலாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, வழியில் வாந்தி வந்தால் போடுவதற்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள். உசிலம்பட்டி வரை காரில் முன்சீட்டில் உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி வந்தாலும், வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கண் மஞ்சளானாலும் அது மயக்க மருந்தின் வேலை அல்ல. காத்திருக்காமல் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.