பொட்டாசியம் கூடுன பேஷண்டை நர்ஸ் எப்படிப் பாத்துக்கணும்?

உங்க அப்பாவுக்கு பொட்டாசியம் 6.4 வந்து அட்மிட் பண்ணிருக்காங்க, ரெண்டு ஊசி போட்டுட்டு நர்ஸ் சும்மா மானிட்டரையே பாத்துட்டு நிக்காங்க, வேற ஒண்ணும் செய்யமாட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க. அந்த 'சும்மா'தான் என்னை எழுத வச்சுது. நான் மார்த்தாண்டம் பக்கம் டயாலிசிஸ் யூனிட்ல நர்ஸ். டாக்டர் சொல்ல வேண்டியத நான் சொல்லல, எங்க வேலை என்னன்னு மட்டும் சொல்றேன்.

நார்மல் 3.5ல இருந்து 5 வரை. 6.5 தாண்டிச்சுன்னா இதயத் துடிப்பு எப்ப வேணா தப்பலாம், அதுக்கு முன்னால பேஷண்டுக்கு ஒண்ணுமே தெரியாமகூட இருக்கும், அதான் மானிட்டர்.

எங்ககிட்ட ரப்பர் பால்வெட்டுற ஒரு அண்ணன் வருவாரு. சொந்தத்துல கல்யாணம்னு ஒரு டயாலிசிஸை விட்டுட்டாரு, சக்கை (பலாப்பழம்) சீசன் வேற, போதாததுக்கு வெயிலுக்கு நல்லதுன்னு கருக்கும் (இளநீர்) குடிச்சிருக்காரு, ரெண்டுலயும் பொட்டாசியம் நிறைய. ராத்திரி கால் தளந்துபோய் தூக்கிட்டு வந்தாங்க, 7.1. இசிஜில டி அலை கூடாரம் மாதிரி கூரா நிக்குது, பொட்டாசியம் கூடுனதுக்கு அதான் அடையாளம். கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி மானிட்டர பாத்துகிட்டே மெதுவா போட்டோம், அது பொட்டாசியத்தைக் குறைக்காது, அரைமணி ஒருமணி நேரத்துக்கு இதயத்தைக் காப்பாத்தும், அவ்வளவுதான். அப்புறம் டெக்ஸ்ட்ரோஸோட (குளுக்கோஸ் தண்ணி) இன்சுலின் 10 யூனிட். உடனே அவரு சம்சாரம், "இவியளுக்கு சுகரே கெடையாது, எதுக்கு சிஸ்டரே இன்சுலின் போடுதிய?"ன்னு என் கையப் பிடிச்சிட்டாங்க. பொட்டாசியத்தை ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள தள்ளத்தான் அக்கான்னு சொல்லிட்டு போட்டேன்.

டெக்னீஷியன் வந்து மெஷின் ரெடியாகுறதுக்குள்ள அண்ணனுக்கு நெத்தியெல்லாம் வேர்வை, கைய தொட்டா சில்லுன்னு இருக்கு, விரல்ல குத்திப் பாத்தா சுகர் 52, ரொம்பக் குறைவு. கிட்னி போனவங்களுக்கு இன்சுலின் உடம்புலயே ரொம்ப நேரம் நிக்கும், அதனால ஆறு மணி நேரமாவது மணிக்கு ஒருதடவை பாக்கணும். பாத்ததாலதான் உடனே டெக்ஸ்ட்ரோஸ் ஏத்த முடிஞ்சுது. உங்க அப்பா தூங்கும்போது எழுப்பிக் குத்துறாங்கன்னா அதுக்குத்தான்.

இவ்வளவும் பாத்தப்புறம் காலையில வந்த அவரு மச்சான் கேட்டது, "இங்க மலையாளி சிஸ்டர் யாரும் இல்லியா?" எனக்கு இது தாங்கவே முடியல. மலையாளி நர்ஸ்மாரைக் குறை சொல்றேன்னு யாரும் வந்துடாதீங்க, கூட வேலை பாக்குறவங்க, நல்லா பாக்குறவங்கதான். ஆனா கேரளா எல்லை களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நர்சிங் கவுன்சில் வச்ச அதே பாடத்தைத்தான படிக்கோம், ராத்திரி முழுக்க முழிச்சது நான்தான?

உங்களுக்கு வேண்டியது, அப்பா சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டுபோய் காட்டுங்க, டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன், மூட்டுவலி மாத்திரை எல்லாம் பொட்டாசியத்தைக் கூட்டும். சோடியம் குறைச்ச உப்பு வாங்குறீங்கன்னா அதுல நிறைய பிராண்ட்ல பொட்டாசியம்தான் இருக்கு, நிறுத்துங்க. மரச்சீனிய (மரவள்ளிக்கிழங்கு) நறுக்கி நிறைய தண்ணில அவிச்சு அந்தத் தண்ணிய வடிச்சா பொட்டாசியம் குறையும், ஆனா முழுசா போகாது, அளவை டயட்டீஷியன்ட்ட கேளுங்க. பொட்டாசியத்தைக் குடல்ல பிடிச்சு வெளியேத்துற கே-பைண்ட் பொடி குடுத்தா மலச்சிக்கல் வரலாம், வெளிக்கி போகலன்னா வெக்கப்படாம சிஸ்டர்ட்ட சொல்லுங்க. ரத்தம் எடுக்கையில ரத்த செல் உடைஞ்சாலும் பொட்டாசியம் பொய்யா கூடுதல் காட்டும், அதனால ரெண்டாந்தடவை எடுக்க வந்தா சண்டை போடாம கையக் குடுக்கச் சொல்லுங்க.